விழுந்ததற்குச் சாட்சி

இடப்பக்கமாக விழுந்தால் கட்டில் கால் இருக்கிறது. வலப்பக்கமாக விழுந்தால் தையல் மெஷின். பின்னால் சாய்ந்தால் கொஞ்சம் தேவலை, நிலைப்படி வரைக்கும் வெறும் தரைதான். ஆனால் இந்த மனுசன் பின்னால் சாய்வாரா முன்னால் சாய்வாரா என்று யாருக்குத் தெரியும்? இருபது வருசமாகப் பக்கத்திலேயே நிற்கிறேன். இவர் எப்படி விழுவார் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

இப்படிக் கணக்குப் போட்டபடியே சுபிதா தையல் மெஷினைச் சுவரோரமாகத் தள்ளினாள். அதன் இரும்புக்கால் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டது. பின்வாசலில் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்த அவள் புருசன் சத்தியநேசன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குக் கேட்காது. இடி விழுந்தால் தெரியும், அதுவும் சத்தமாக அல்ல, நெஞ்சில் யாரோ தட்டியது போல.

சர்ச்சிலிருந்து வந்து ஒரு மணிநேரம் ஆகியிருந்தது. காலையில் பெய்த ஐப்பசி மழை, மறுபடி பெய்வதற்காக மேற்கே ரப்பர் மரங்களுக்கு மேல் கறுத்துக்கொண்டு நின்றது. அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. சாளைமீன் கறி நேற்று வைத்தது. வருகிறவர் ஒருவர்தான், இருப்பது போதும். அவள் கட்டிலிலிருந்த மெத்தையை இழுத்து நடுவீட்டில் விரித்தாள். விரித்த பிறகு அதைப் பார்க்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. பிள்ளை தவழத் தொடங்கும்போது இப்படி விரித்துப் போட்டிருக்கிறாள். ஐம்பத்தைந்து வயது ஆளுக்காக விரிப்பது இதுதான் முதல் தடவை.

இன்றைக்கு அவர் விழ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, யாரும் தொடாமல், நின்ற இடத்தில் நின்று விழ வேண்டும். அதை அவள் போனில் படம் எடுக்க வேண்டும். வக்கீல் சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் தேதி கேசு.

சத்தியநேசன் பட்டாளத்தில் பதினேழு வருசம் இருந்தவர். கடைசிக்கு இரண்டு வருசம் முன்னால், குளிர் மிகுந்த ஒரு மலைப்போஸ்ட்டில் இருமலோடு ரத்தம் வந்தது. காசம். வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் நாலைந்து மாதம் கிடந்தார். தினமும் இடுப்பில் ஊசி, மொத்தம் தொண்ணூறு. காசம் தீர்ந்தது, அதில் பொய் இல்லை. முப்பதாவது ஊசி வாக்கில் காதில் சீவிடு கத்தத் தொடங்கியது. மழைக்காலத்தில் மரத்தில் ஒளிந்துகொண்டு ஓயாமல் கத்துமே, அந்தச் சீவிடு. வார்டில் சொன்னார். நடுவில் நிறுத்தக்கூடாது, போகப்போகச் சரியாகும் என்றார்கள். நாற்பது தாண்டியதும் கட்டிலை விட்டு இறங்கும்போது அறை சுற்றியது. மறுபடி சொன்னார். பலவீனம், முட்டை தின்னு என்றார்கள். பட்டாளத்தில் ஒரு காரியத்தை இரண்டு தடவை சொல்லலாம். மூன்றாவது தடவை சொன்னால் அது வேறு காரியமாகிவிடும்.

அந்த நாட்களில் சுபிதா ஞாயிற்றுக்கிழமைதோறும் கைப்பிள்ளையோடு பக்கத்து ஊர் கருங்கலுக்குப் போய், சந்தைக்கு எதிரே இருந்த போன் பூத்தில் காத்திருப்பாள். அவர் கூப்பிடுவார். "ஏட்டி, லைன் மோசம், உரக்கப் பேசு" என்பார். அவள் உரக்கப் பேசினாள். பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்பது முதல், அவருடைய அம்மாவோடு வந்த சண்டை வரை, வாழைக்குலை ஏற்றுகிற ஆட்களெல்லாம் கேட்டார்கள். ஒரு ஞாயிறு பூத்துக்காரி கேட்டாள்: "லைன் நல்லாத்தானே இருக்கு, நீ எதுக்கு இப்பிடி கெடந்து கூவுதே?" அன்றைக்குத்தான் மோசமானது லைன் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

ஊருக்கு வந்த பிறகுதான் காது மட்டுமல்ல என்று தெரிந்தது. உள்காதில், உடம்பை நேராகப் பிடித்து நிறுத்துகிற ஏதோ ஒன்று இருக்கிறதாம். ஊசி அதையும் தின்றுவிட்டது. கண் திறந்திருக்கும்வரை கண்ணால் நிற்பார். கண்ணை மூடினால் தரை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. நர்சிங் படித்து இப்போது குவைத்தில் இருக்கும் மகள் ஆன்ஸ்லின்தான் இதையெல்லாம் பிற்பாடு விளக்கமாகச் சொன்னாள். சொல்லாமலே சுபிதாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முகத்தில் சோப்புப் போட்டால் சுவரைப் பிடித்துக்கொள்வார். நடக்கும்போது எதிரே வருகிறவர் முகம் குலுங்குவதால் ஆளை அடையாளம் தெரியாமல் கும்பிடாமல் போவார். பட்டாளக்காரனுக்குத் தலைக்கனம் என்றார்கள். காலை அகட்டி வைத்து, ஒவ்வொரு அடியையும் தரையிடம் கேட்டுக் கேட்டு நடப்பார். அதைப் பார்த்துத் தலைக்கனம் என்றவர்களே வேறொன்றும் சொன்னார்கள்.

அது சர்ச்சில் தொடங்கியது. வந்த முதல் ஞாயிறு, ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் நின்றார். பாஸ்டர் ஜெபிப்போம் என்றதும் எல்லாரையும்போலக் கண்ணை மூடினார். பெண்கள் பக்கம் நின்ற சுபிதாவும் மூடியிருந்தாள். பெஞ்சு சாய்கிற சத்தமும் பாட்டுப் புத்தகங்கள் சிதறுகிற சத்தமும்தான் அவளுக்குக் கேட்டது. கண் திறந்தபோது நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். "காலையிலேயே கோட்டாவ அடிச்சிட்டு வந்திருக்கான்" என்றார் யாரோ. பட்டாளக் கேன்டீனில் கொடுக்கிற பாட்டிலை அவர் வாங்கியதுமில்லை, வாய் வைத்ததுமில்லை. சொன்னால் யார் கேட்பார்கள்? அந்த வாரமே பாஸ்டர் வீட்டுக்கு வந்து, இந்தச் சகோதரனைக் குடியின் பிடியிலிருந்து விடுவியும் ஆண்டவரே என்று உருகி ஜெபித்தார். என்ன ஜெபம் என்று கேட்காத சத்தியநேசன், பாஸ்டரின் வாய் நின்றதைப் பார்த்து உரக்க ஆமென் சொன்னார். அத்தோடு ஊருக்கே உறுதியாகிவிட்டது.

அதற்கப்புறம் இருவரும் கடைசிப் பெஞ்சில் சேர்ந்து நின்றார்கள். புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கிற வழக்கம் அந்தச் சர்ச்சில் இல்லை. அதையும் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்தார்கள். ஜெபம் என்றதும் அவள் தன் வலக்கையின் இரண்டு விரலை அவருடைய இடது முழங்கையில் வைப்பாள். பிடிப்பதில்லை, தாங்குவதில்லை, ஒரு இலை வந்து படிந்ததுபோல வைப்பாள். அது போதும். அந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டு அவர் தரையைக் கண்டுபிடித்துவிடுவார். அண்டி ஆபீசில் முந்திரிப்பருப்புக்குத் தோல் உரிக்கிற விரல்கள் அவளுடையவை. எவ்வளவு அழுத்தினால் பருப்பு உடையும் என்று அவற்றுக்குத் தெரியும்.

கேசு போட்டது இழப்பீட்டுக்குத்தான். ஊசியால் வந்த ஊனம் என்று ஒத்துக்கொண்டால் ஊனப் பென்சன் உண்டு. ஆனால் அவருக்கு வேண்டியது தாள். அரசாங்க முத்திரை வைத்து, இந்த ஆளின் தள்ளாட்டம் மருந்தினால் வந்தது என்று ஒரு தாள். அதை பாஸ்டரிடம் கொடுத்து, கல்யாண அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும். இதை அவர் ஒருதரம்தான் சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. இரண்டு மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று. சிகிச்சை உரிய முறையில் அளிக்கப்பட்டது, குறைபாடு உடல்வாகு சார்ந்தது. கடைசியில் தீர்ப்பாயம், புதிதாக ஒரு மெடிக்கல் போர்டு பார்த்துச் சொல்லட்டும் என்று உத்தரவு போட்டது.

போன சித்திரையில் அந்தப் போர்டுக்காகக் கேரளத்து ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். களியக்காவிளையில் பஸ் மாறி, விடியற்காலையில் கிளம்பிய பயணம். அவருக்குக் கேட்காது என்பதால், கேள்வியைத் திருப்பிச் சொல்ல அவளையும் உள்ளே விட்டார்கள். அவளுடைய உதட்டை அவர் தாய்மொழிபோல வாசிப்பார். டாக்டர் இளைஞர், தோளில் நட்சத்திரங்கள், பார்க்க மரியாதையான ஆள். காலைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள் என்றார். சொன்னாள். கண்ணை மூடச் சொல்லுங்கள் என்றார். "கண்ண மூடுங்க" என்றாள்.

அவர் மூடினார். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் பைல் வைத்த பை தொங்கிக்கொண்டிருந்தது. பைக்குக் கீழே இரண்டு விரலும் போய் அவருடைய முழங்கையில் உட்கார்ந்தன. அவள் வைக்கவில்லை, அவை போயின. டாக்டர் கடிகாரத்தையும் தாளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிசம். சத்தியநேசன் கல்தூண் மாதிரி நின்றார். போதும், நன்றி என்றார் டாக்டர்.

தான் தொட்டதால்தான் அவர் விழவில்லை என்று, களியக்காவிளையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுதான் அவளுக்குத் திடுக்கென்றது. கையில் வைத்திருந்த கட்டன்சாயா ஆறிப்போகிறவரை குடிக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். அவர் கேரளத்துப் பஸ்களைப் பார்த்துக்கொண்டு, பல வருசத்துக்குப் பிறகு நிம்மதியாக இருக்கிறவர் மாதிரி நின்றார். அவள் சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்றிருந்தாள். அடுத்த நாள் அண்டி ஆபீசில் பருப்பு அதிகம் உடைந்து மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினாள். அப்படியே ஆறு மாதம் போயிற்று. அறிக்கை வந்தது. காது போனது பெரும்பாலும் வயதால், ஊசிக்குப் பதினைந்து சதவீதம்தான். நிலைதடுமாற்றம் இல்லை, கண்களை மூடி உறுதியாக நின்றார். இருபதுக்குக் கீழே என்றால் ஒன்றும் கிடையாது.

"மக்களே, ஆளு உண்டா இஞ்ச?"

வாசலில் நாராயணபெருமாள் குடையை உதறிக்கொண்டு நின்றார். எழுபத்துநாலு வயது, ஓய்வுபெற்ற சுபேதார், முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர். நாகர்கோவில் பக்கமிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவர். வலது கை சதா நடுங்கிக்கொண்டிருக்கும், அதனால் பைலை இடது கக்கத்தில் இடுக்கியிருப்பார்.

"வாருங்க அண்ணாச்சி. அவிய சவரம் செய்யாவ."

"விழுததுக்கு எதுக்கு மக்களே சவரம்? கல்யாண வீட்டுக்கா போறாரு?"

"படத்தில குடிகாரன் மாதிரி இருக்கப்பிடாதாம்."

நாராயணபெருமாளின் சிரிப்பு பாதியில் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மெத்தையைப் பார்த்தார். அதைச் சுற்றிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சத்தியநேசன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பேண்ட். நாராயணபெருமாள் எழுந்து அவர் முகத்துக்கு நேரே நின்று வாயை அகலத் திறந்து, "தய்யார், சாப்?" என்றார்.

"தய்யார், சாப்." தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தியநேசன் எப்போதும் மைதானத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். "ராத்திரியே நான் விழுந்து பாத்துக்கிட்டேன். கட்டில் பக்கத்தில நின்னு. நல்லா விழுது."

"கேட்டியா மக்களே, ரிகர்சல் எல்லாம் முடிச்சாச்சு." நாராயணபெருமாள் போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தார். வக்கீல் ஸ்ரீஜித் மார்த்தாண்டத்துக்காரர், முப்பது வயதுக்குள்தான். பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, கேளுங்க. ஒரே எடுப்பாட்டு எடுக்கணும், நடுவில நிறுத்தப்பிடாது. முதல்ல இன்னைக்கு பேப்பரக் காட்டுங்க, தேதி தெரியட்டும். பின்ன சாரு தலை முதல் கால் வரைக்கும் தெரியணும். பக்கத்தில ஒருத்தரும் நிக்கப்பிடாது. கண்ண மூடணும், அவரா விழணும். எடுக்கது நீங்களாட்டு இருக்கணும். எடுத்த ஆளாக்கும், நான்தான் எடுத்தேன்னு சர்டிபிகேட்டில ஒப்பு போடணும்."

"அண்ணாச்சி எடுத்தா ஆகாதா?"

"அவரு சங்கத்து ஆளு. சங்கம் ஜோடிச்சதுன்னு சொல்லுவாங்க. அதுமில்லாம அவரு எடுத்தா பூமிநடுக்கம் வந்த மாதிரில்லா இருக்கும்."

"வக்கீலே, நான் இஞ்சதான் நிக்கேன்" என்றார் நாராயணபெருமாள்.

"சும்மா சொன்னேன் சார். அக்கா, இது ஒண்ணுதான் பிடிவள்ளி. போர்டு எழுதினத வெட்டணும்னா கண்ணால பாக்கது மாதிரி ஒண்ணு வேணும்."

போன் நின்றது. போர்டு எழுதியதை என்ற சொல் மட்டும் காதில் நின்றது. சுபிதா பேப்பரை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

எடுக்கத் தொடங்கினாள். பேப்பரின் தேதி, பிறகு அவர். போனின் சின்னக் கண்ணாடிக்குள் அவர் மெத்தைமேல் நின்றார். அவள் கையை உயர்த்தினாள், அதுதான் அடையாளம். அவர் கண்ணை மூடினார்.

கண் மூடியதும் அவருக்கு எல்லாம் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். காது ஏற்கெனவே இல்லை. இப்போது கண் இல்லை, தரை இல்லை. கூப்பிட்டாலும் எட்டாத ஒரு இடத்துக்கு அவர் போய்விட்டார். அவர் அங்கே எப்படி இருப்பார் என்று அவள் ஒருநாளும் முன்னால் நின்று பார்த்ததில்லை. எப்போதும் பக்கத்தில்தான், எப்போதும் அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான்.

உடம்பு மெல்ல ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டம் பெரிதாக இருந்தது. அப்போது அவருடைய இடது முழங்கை விலாவை விட்டுக் கொஞ்சம் விலகியது. விலகி, அப்படியே நின்றது. முகத்தில் பயம் இல்லை. பஸ் நிறுத்தத்தில், வருகிறேன் என்று சொன்ன ஆளுக்காக நிற்கிறவர் முகம் அது. முழங்கை இன்னும் கொஞ்சம் நீண்டது. காத்திருந்தது. பிறகு அவர் முன்பக்கமும் இடப்பக்கமுமாகச் சாய்ந்து, கையைக்கூட ஊன்றாமல், முகம் குப்புற விழுந்தார். வீடு அதிர்ந்தது.

அவள் அசையவில்லை. நிறுத்தாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார், நிறுத்தவில்லை. கண்ணாடியின் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாராயணபெருமாள் வந்து தோளைத் தொட்டு, "போதும் மக்களே" என்றபோதுதான் விரல் நிறுத்தும் இடத்தைத் தேடிற்று.

சத்தியநேசன் மெத்தையில் உட்கார்ந்து மூக்கைத் தடவிக்கொண்டு சிரித்தார். "கிட்டிச்சா?"

அவள் தலையாட்டினாள்.

படம் வக்கீலுக்குப் போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுகிற சத்தத்தில் வீட்டுக்குள் பேசுவதற்கே இடமில்லை. சுபிதா மரச்சீனியை வடித்து, இரண்டு தட்டில் போட்டு, கறியை ஊற்றிக் கொண்டுவந்தாள்.

"சாளையா?" நாராயணபெருமாள் இடது கையால் தட்டைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். நடுங்குகிற கை கறியைத் தொட்டு வாய்க்கு எடுத்துப் போவதற்குள் பாதி உதிர்ந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "கொள்ளாம். குளச்சல் மீனா?"

"வண்டியில வந்தது அண்ணாச்சி, எந்தக் கடலோ." அவள் நிலையில் சாய்ந்து நின்றாள். "இது ஜெயிக்குமா?"

நாராயணபெருமாள் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "முப்பத்தொண்ணு கேசு பாத்திருக்கேன் மக்களே. நாலு ஜெயிச்சுது. அதில ரெண்டு பேரு ஆர்டர் கையில வாறதுக்கு முந்தியே போய்ச் சேந்தாச்சு. ஒருத்தன் பெண்டாட்டி அந்த ஆர்டரக் கொண்டுபோயி கல்லறையில வச்சா. மழையில நனைஞ்சு போச்சு. பின்ன காப்பி கேட்டு எங்கிட்ட வந்தா."

"பின்ன எதுக்கு நடத்துதிய?"

"வீட்டில இருந்தா என்ன செய்யச் சொல்லுதே? மருமவ டிவி பாப்பா."

சத்தியநேசன் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இடையில், யாரும் கேட்காமலே, "கறிக்குப் புளி கூடிப் போச்சு" என்றார்.

அண்டி ஆபீசில் பருப்பை முழுசு வேறு, உடைந்தது வேறு என்று பிரிப்பார்கள். சுபிதா அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை கத்தி தவறிப் பருப்பு உடைந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அப்போது பதினேழு வயது. இப்போது உடைந்தால் கை நிற்பதில்லை, அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறது. கை பழகிவிட்டது. அவர் விழும்போது தன் கால்கள் எப்படி அசையாமல் நின்றன என்று அவள் யோசித்தாள். உள்ளுக்குள் ஏதாவது கத்தியதா என்றும் யோசித்துப் பார்த்தாள். கத்தவில்லை. படத்தில் தலை வெட்டுப்படாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். அதுதான் உண்மை.

வக்கீல் கூப்பிட்டார்.

"அக்கா, படம் தெளிவா இருக்கு. ஆனா ஆகாது."

"ஏன்?"

"மெத்தை போட்டிருக்கிய. மெத்தை போட்டா தெரிஞ்சே விழுந்தாருன்னு ஆயிரும். அது ஒண்ணு. பின்ன, விழுததுக்கு முன்னால அந்த இடது கை எதுக்கு வெளிய போவுது? யாரையோ தேடுத மாதிரி. அரசு வக்கீல் அதத்தான் பிடிப்பாரு. நடிக்காருன்னு சொல்லுவாரு. விழுத ஆளு அப்பிடிச் செய்ய மாட்டான்லா."

மழைச் சத்தத்தில் அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அத அழிச்சிட்டு வேற ஒண்ணு எடுங்க. வெறுந்தரையில. கைய ஒட்டி வச்சிக்கிட்டு, அட்டென்சன்ல நிக்கச் சொல்லுங்க. பட்டாளத்து ஆளுதானே, முடியும். சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க அக்கா, நாளைக்குத் தாக்கல் செய்யணும்."

அவள் சொல்லச் சொல்ல, நாராயணபெருமாள் பேப்பரின் ஓரத்தில், நடுங்கிய பெரிய எழுத்தில், வக்கீல் சொன்னதை எழுதிச் சத்தியநேசனிடம் நீட்டினார். மெத்தை வேண்டாம். இடது கை நீளுகிறது. நடிப்பு மாதிரி இருக்காம். சத்தியநேசன் படித்தார். இரண்டாம் வரியில் அவர் கண் நின்றது. பிறகு தன் இடது கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ போல.

"ஏட்டி" என்றார் சுபிதாவைப் பார்த்து. ரகசியம் பேசுகிறவர் மாதிரி முகத்தை முன்னால் கொண்டுவந்தார். ஆனால் குரல் முற்றம் வரைக்கும் போயிற்று. "அன்னைக்கு போர்டில நீ தொட்டது எனக்குத் தெரியும்."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுதான் நின்னேன். உன் கைய ஒரு தட்டு தட்டி விட்டிருந்தா அங்கயே விழுந்திருப்பேன். எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். தட்டல்ல." மூச்சு வாங்கினார். "அவன் எனக்கு மகன் வயசு. தோளில நட்சத்திரம். யூனிபார்ம் போட்ட ஒருத்தன் முன்னால தொப்புன்னு விழ எனக்கு மனசு வரல்ல. நிக்கணும்னு இருந்துது. நீ தொட்டிருக்கும்போ நல்லா நின்னேன். ஆறு மாசமா உங்கிட்ட சொல்லணும்னு நெனைக்கேன். நீ உறங்காமக் கெடக்கது தெரியும்."

சுபிதாவின் உதடு அசைந்தது, ஆனால் அதில் அவர் வாசிக்கிற மாதிரி சொல் ஒன்றும் இல்லை.

"இப்பம் எனக்கு வெக்கம் இல்ல. போச்சு. எத்தன தடவை வேணும்னாலும் விழுதேன்."

நாராயணபெருமாள் தட்டோடு அப்படியே இருந்தார். அவர் கேட்கக்கூடாத பேச்சு அவருக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. மழை கொஞ்சம் தணிந்தபோது மெதுவாகக் கேட்டார்: "அப்பம் போர்டில நீயா மக்களே பிடிச்சிட்டு நின்னது?"

"பிடிக்கல்ல. தொட்டேன்."

"வக்கீலுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"இனி சொன்னாலும் அரசு வக்கீல் நம்ப மாட்டான். தோத்த பெறவு ஜோடிச்ச கதைன்னு சொல்லுவான்." அவர் எழுந்து முற்றத்து ஓரத்தில் கை கழுவினார். கழுவிவிட்டு மழையைப் பார்த்து நின்றார். "முப்பத்தொண்ணு கேசில இப்பிடி ஒண்ணு நான் பாக்கல்ல, கேட்டியா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

உள்ளே சத்தியநேசன் மெத்தையைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். குனிந்தால் தலை சுற்றும் என்பதால் முட்டி போட்டு, கண்ணைச் சுவரில் ஒரு புள்ளியில் வைத்துக்கொண்டு, கையால் தடவிச் சுருட்டினார். கட்டிலைப் பிடித்து எழுந்தார். வெறும் சிமெண்டில் நின்று குதிகாலைச் சேர்த்தார். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி, கட்டைவிரலைப் பேண்டின் தையலில் வைத்தார். முகவாய் உயர்ந்தது.

"இப்பம் கை அசையாது பாரு. பதினேழு வருசம் நின்ன நிப்பாக்கும் இது."

உண்மைதான், அசையாது. அவர் மனசு வைத்தால் அந்தக் கையை அசையாமல் விழவைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் மனசு வைத்தால் எடுத்துவிடுவாள். தன்னால் முடியாது என்பதல்ல அவளுடைய பயம். முதல் தடவையே முடிந்துவிட்டது. இரண்டாவது இன்னும் சுலபமாக இருக்கும். இதுவும் சரியில்லை என்று வக்கீல் சொன்னால் மூன்றாவது ஒன்று. அந்த முழங்கை அவளைத் தேடாமல் இருக்கப் பழகும். அவள் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகுவாள். எல்லாம் கிடைத்து, தாளும் வந்து, பாஸ்டர் அதை வாசித்த பிறகும், அந்தப் பழக்கம் வீட்டில் இருக்கும்.

இது அவருக்காக நினைப்பதா, தனக்காக நினைப்பதா? அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். தனக்காகத்தான் என்று தோன்றியது. அதை அவளால் மாற்ற முடியவில்லை.

நாராயணபெருமாள் உள்ளே வந்தார். "மக்களே, அடுத்த மழை வருது. வெளிச்சம் போறதுக்கு முந்தி எடுத்திரு."

போன் தையல் மெஷின்மேல் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"வேற எடுக்கல்ல அண்ணாச்சி."

"என்ன?"

"எடுத்தது எடுத்ததாட்டே இருக்கட்டு. அதுக்கு வேணும்னா ஒப்பு போடுதேன்."

"அதக் கொடுத்தா தோப்போம், வக்கீல் சொன்னது கேட்டேல்லா? பத்தொம்பதாம் தேதி கையில ஒண்ணும் இருக்காது."

"தெரியும்."

"இனி மேல போறதுக்கு எடமும் இல்ல. இதோட முடிஞ்சுது."

"தெரியும் அண்ணாச்சி."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். "நான் எடுக்கட்டா? ஆடினா ஆடட்டு. நீ ஒப்பு மட்டும் போடு."

"நான் எடுக்காததுக்கு நான் எடுத்தேன்னு எப்பிடி ஒப்பு போட?" குரலில் கோபம் இல்லை. "அவிய அப்பிடித்தான் விழுவாவ. அந்தப் படத்தில உள்ளதுதான் உள்ளது. வேற மாதிரி விழ வச்சு எடுக்க என்னால ஆகாது."

நாராயணபெருமாள் பைலைத் திறந்தார். அதிலிருந்த சர்டிபிகேட் தாளை எடுத்து, மடித்து, மறுபடி உள்ளேயே வைத்தார். குடையைத் தேடினார். குடை அவருடைய நாற்காலியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அட்டென்சனில் நின்றபடியே சத்தியநேசன் இருவரையும் பார்த்தார். "என்ன சொல்லுதா? போனில சார்ஜ் இல்லியா?"

நாராயணபெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏட்டி, எடு." போன் இருந்த இடத்திலேயே இருந்தது. அவருக்கு இப்போது புரியத் தொடங்கியது. "அப்பம் குடிகாரன்னே பேரு வச்சு என்னைக் குழிக்கு அனுப்பப் போறியா? இவ்வளவு தூரம் வந்திட்டு? நான் விழுதேன்னு சொல்லுதேன், உனக்கு என்னட்டி நட்டம்?" குரல் உடைந்தது, அது உடைந்ததும் அவருக்குத் தெரியவில்லை. "எடு, சுபிதா."

அவள் நடந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள். வாசல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி கொஞ்சம் திரும்பிக்கொண்டாள், அவர் தப்பாக வாசித்துவிடக்கூடாது.

"மாட்டேன்" என்றாள்.